விமான மாதிரிக்குப் பூசும் ‘டோப்’: தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

பறக்கும் விமான மாதிரிகளுக்கான சொற்பட்டியலில் ‘டோப்’ மட்டும் முடிவாகாமல் நிற்கிறது. பால்சா மரச் சட்டத்தின் மேல் போர்த்திய டிஷ்யூ தாளிலோ பட்டுத்துணியிலோ பூசுகிறோமே, நிறமி கலக்காத அந்தத் திரவத்தைத்தான் சொல்கிறேன். முதல் வரைவில் ‘மெருகெண்ணெய்’ என்று இட்டிருக்கிறது. அது வார்னிஷுக்கு உரியது. மரபான வார்னிஷில் இருக்கும் எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து கெட்டியாகும். ஒருமுறை கெட்டியானால் கரையாது. டோப் அப்படியல்ல. செல்லுலோஸ் நைட்ரேட்டையோ செல்லுலோஸ் அசிட்டேட் பியூட்டிரேட்டையோ அசிட்டோன், பியூட்டைல் அசிட்டேட் போன்ற கரைப்பான்களில் கரைத்து வைத்திருக்கிறார்கள். கரைப்பான் பறந்ததும் படலம் மிஞ்சுகிறது. காய்ந்த படலத்தில் தின்னர் பட்டால் மறுபடி கரைகிறது. தாளைச் சட்டத்தோடு ஒட்டுவதே இந்த மறுகரைவை நம்பித்தான் என்பதால், இரண்டையும் ஒரே சொல்லில் அடைப்பது செய்பவரைக் குழப்பும்.

இதே ஆங்கிலச் சொல்லுக்கு வேறு துறைகளில் உள்ள தமிழ்ச் சொற்களும் உதவவில்லை. குறைகடத்திக்கு ‘மாசூட்டல்’ பாடநூலில் நிலைத்துவிட்டது. விளையாட்டுச் செய்திகளில் ‘ஊக்கமருந்து’. இரண்டையும் இறக்கையின் மேல் பூச முடியாது.

என் முன்மொழிவு ‘இறுக்குப்பூச்சு’. ஜெர்மன் மொழியில் இதை ‘ஷ்பான்லாக்’ என்கிறார்கள். இழுத்து இறுக்கும் அரக்கு என்று பொருள். செயலைச் சொல்லும் பெயர் நமக்கும் நல்லது. கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

———

மறுமொழி

> என் முன்மொழிவு ‘இறுக்குப்பூச்சு’.

ஐயா, இதை ஏற்க முடியவில்லை. இறுக்கம் எல்லா டோப்பிலும் இல்லை. இறுக்காத வகை என்றே தனியாக விற்கிறார்கள். பட்டியலில் அதற்கு ‘இறுக்காத இறுக்குப்பூச்சு’ என்றா எழுதுவோம்?

இன்னொன்று, சிறிய மாதிரிகளில் தாளை இறுக்குவது பெரும்பாலும் தண்ணீர்தான். ஒட்டிய தாளின் மேல் தண்ணீரைப் பனிபோல் தெளித்துக் காயவிட்டால் சுருக்கங்கள் மறைந்து தாள் விறைத்து நிற்கும். ஆனால் அடுத்த ஈரக்காற்றிலேயே மறுபடி தொய்ந்துவிடும். டோப் தாளின் நார்களுக்கிடையே இறங்கி நுண்துளைகளை அடைத்து, ஈரம் புகாமல் அந்த இறுக்கத்தைப் பூட்டி வைக்கிறது. தன் பங்குக்கு அதுவும் கொஞ்சம் சுருங்கும். அந்தச் சுருக்கம் கனமான பட்டுப் போர்வைக்குத் தேவை. மெல்லிய சட்டத்துக்கு அதுவே எமன்.

ரப்பர் முறுக்கில் பறக்கும், இறக்கை 50 செ.மீ. அளவுள்ள மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். பின்விளிம்பு மெல்லிய பால்சாப் பட்டை. இதற்கு இறுக்கும் டோப்பை நீர்க்காமல் இரண்டு மூன்று முறை பூசினால் விலாக்களுக்கு (இறக்கையின் குறுக்குச் சட்டங்களுக்கு) இடையே பின்விளிம்பு உள்வாங்கும். இறக்கை முழுதும் முறுக்கிக்கொள்ளும். பெயரிலேயே ‘இறுக்கு’ என்று இருந்தால், இறுகாத இடத்தில் இன்னொரு பூச்சு கொடுக்கத்தான் புதியவருக்குத் தோன்றும். பெயர் தவறான பூச்சுக்கு வழிகாட்டக் கூடாது.

தேர்வு செய்யும் முறையையும் எழுதிவிடுகிறேன், சொல் எதைத் தாங்க வேண்டும் என்பது அப்போது தெளியும்.

நைட்ரேட்: மரத்திலும் தாளிலும் நன்றாகப் பற்றும், விரைவில் காயும். எளிதில் தீப்பற்றும், காய்ந்த படலமும் சேர்த்துத்தான். குளோ எஞ்சின் (சூடான கம்பிச்சுருளால் பற்றவைக்கும் சிறு எஞ்சின்) எரிபொருளில் உள்ள மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் பட்டால் இளகிப் பிசுபிசுக்கும். எனவே ரப்பர் முறுக்கில் பறக்கும் மாதிரி, சறுக்கு விமானம், மின்மோட்டார் மாதிரி ஆகியவற்றுக்கு இதுவே போதும்.

பியூட்டிரேட்: எரிபொருளைத் தாங்கும், நைட்ரோமீத்தேன் அளவு ஏற ஏற அதுவும் தோற்கும். பற்றுதல் குறைவு. நைட்ரேட் அளவுக்குத் தீப்பிடிக்காது. பூசிய பிறகும் மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் இலேசான சட்டத்துக்கு ஆகாது. குளோ எஞ்சின் வைத்த, கம்பிக் கட்டுப்பாட்டில் பறக்கும் மாதிரிக்கு அடியில் நைட்ரேட்டும் மேலே பியூட்டிரேட்டும் கொடுப்பது நெடுநாள் வழக்கம்.

இறுக்காத வகை: நெகிழ்ப்பி (படலத்தை வளையும்படி வைக்கும் பொருள்) கூடுதலாகச் சேர்த்தது. மெல்லிய தாள் போர்த்திய சின்ன மாதிரிக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். கிடைக்காவிட்டால் நைட்ரேட் 30 மி.லி.க்கு விளக்கெண்ணெய் 3 முதல் 5 துளி கலக்கலாம். அதற்கு மேல் போனால் எண்ணெய் மேலே வியர்த்து நிற்கும்; பிறகு எழுத்தோ சின்னமோ ஒட்டாது.

———

மறுமொழி

இருவருக்கும் நன்றி. இறுக்கும் வகை, இறுக்காத வகை இரண்டுக்கும் பொதுவானது ஊடுருவல் என்று மேலே உள்ள மடலே சொல்லிவிட்டது. பெயிண்ட் மேலே உட்காரும். இது போர்வைக்குள் இறங்கி அதோடு ஒன்றாகும். தமிழில் அதற்கு ‘தோய்’ இருக்கிறது. ஆங்கிலச் சொல்லே தோய்ப்பதைக் குறிக்கும் டச்சு வினையிலிருந்து வந்தது. தொட்டுக்கொள்ளும் குழம்புக்கு அவர்கள் வைத்த பெயர், பிறகு எந்தக் கெட்டித் திரவத்துக்கும் ஆகி, 1910-களில் விமானத் துணிக்கும் வந்து சேர்ந்தது. ‘தோய்மெருகு’ என்று முன்மொழிகிறேன். வகைகள்: இறுக்கும் தோய்மெருகு, இறுக்காத் தோய்மெருகு, நைட்ரேட் தோய்மெருகு.

நிறமி இல்லாததைக் குறிக்க ‘தெளி தோய்மெருகு’. ‘நிறமற்ற’ என்று எழுத வேண்டாம். நைட்ரேட் குப்பியிலேயே இளமஞ்சளாக இருக்கும், வெயிலில் இன்னும் மஞ்சளாகும். நிறமி இல்லை என்பதுதான் செய்தி. எடைக்கணக்கில் இது முக்கியம். கரைப்பான் முழுதும் பறந்துவிடும். நிறமி முழுதும் தங்கிவிடும். அதனால்தான் வண்ணத் தாளைப் போர்த்தி மேலே தெளியை மட்டும் பூசுகிறார்கள். குறை என்னவென்றால், தெளிப் படலம் புறஊதாக் கதிரைத் தடுக்காது. சிவப்புத் தாள் சில மாத வெயிலில் வெளிறும். முழு அளவு விமானங்களில் துணியைக் காக்க அலுமினியத் தூள் கலந்த பூச்சை இடையில் கொடுப்பது இதற்காகத்தான்.

‘தோய்’ பொருந்துகிறதா என்பதை வேலையின் ஒழுங்கில் வைத்துப் பாருங்கள். சட்டத்தை 320 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, தாள் படும் இடங்களில் மட்டும் பாதிக்குப் பாதி தின்னர் கலந்த நைட்ரேட்டை இரண்டு முறை பூசுவோம். ஒவ்வொரு முறையும் எழும்பும் மரநாரை 400-ஆல் இலேசாகத் தேய்ப்போம். தாளின் நார் ஓட்டம் இறக்கையின் நீளவாக்கில் இருக்கும்படி விரித்து, விளிம்பில் பிரஷால் தின்னரைத் தொட்டு வைப்போம். தின்னர் தாள் வழியே இறங்கி அடியிலுள்ள படலத்தைக் கரைக்கும். விரலால் அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். பிறகு தண்ணீர் தெளிப்பு, நன்றாகக் காயவிடுதல், அதன்பின் தின்னரால் நீர்த்த டோப் ஒன்று அல்லது இரண்டு பூச்சு. தொடக்கம் முதல் முடிவு வரை நடப்பது தோய்தல்தான்.

முதல் பூச்சில் ஒரு எச்சரிக்கை. பிரஷில் அதிகம் எடுத்தால் தாளின் துளை வழியே ஒழுகி அடிப்பக்கம் சொட்டாகத் தொங்கும். காய்ந்ததும் அந்த இடம் கண்ணாடித் துண்டாகச் சுருங்கித் தாளை இழுக்கும். அகலமான மென்பிரஷ், குறைந்த திரவம், ஒரே இழுப்பு. போன இடத்துக்குத் திரும்பக் கூடாது. காயும் வரை இறக்கையைச் சமப்பலகையில், அடியில் சிறு கட்டைகள் கொடுத்து, குண்டூசியால் நிறுத்தி வைக்க வேண்டும். அடியில் காற்றோட்டம் இல்லாவிட்டால் ஒரு பக்கம் முந்திக் காய்ந்து முறுக்கு விழும்.

———

மறுமொழி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களிடம் உடுப்புத் தோய்ப்பது என்றால் சலவை செய்வதுதான். ‘துணியைத் தோய்மெருகால் தோய்’ என்று எழுதினால் வாளியும் சவர்க்காரமும்தான் நினைவுக்கு வரும். பெயர்ச்சொல் கூட்டாக நிற்பதில் எனக்கு மறுப்பு இல்லை. வினையாக ‘தோய்மெருகு பூசு’ என்றே எழுத வேண்டும், ‘தோய்’ என்று தனியே விடக் கூடாது.

நெசவுக்காரர் பாவுக்குக் கஞ்சி போடுவதை வைத்து ஒரு சொல் கட்டலாமா என்றும் பார்த்தேன். கஞ்சியும் நூலுக்குள் இறங்கி விறைப்புத் தருகிறது. ஆனால் அது தண்ணீரில் போய்விடும், இதுவோ தண்ணீரைத் தடுக்க வந்தது. கைவிட்டேன்.

‘மெருகு’ பளபளப்பைச் சொல்கிறதே, இரண்டு நீர்த்த பூச்சில் பளபளப்பு வராதே என்று கேட்பார்கள். மரவேலையில் பளபளக்காத முடிப்பையும் மெருகு என்றே சொல்கிறோம். எனவே விடலாம்.

இதோடு சேர்ந்த இன்னொரு சொல்லும் வேண்டும். ஈரக்காற்றில் பூசினால் படலம் பால்போல் வெளுத்துவிடுகிறது. அதை ‘வெண்பூப்பு’ எனலாமா?

———

மறுமொழி

இறுக்குப்பூச்சைத் திரும்பப் பெறுகிறேன். தோய்மெருகே சரி, ‘பூசு’ என்ற வினையோடு.

‘பூப்பு’ வேண்டாம், அது பருவமடைதலுக்கு நிலைத்த சொல். ‘பூத்தல்’ போதும். சுவரில் உப்பு பூக்கிறது, கண் பூத்துப்போகிறது என்று ஏற்கெனவே சொல்கிறோம். தெளிவான பரப்பு மங்குவதற்கு இதைவிட இயல்பான சொல் தேட வேண்டியதில்லை. ‘படலம் பூத்துவிட்டது’ என்றால் யாருக்கும் புரியும்.

காரணத்தையும் குறிப்பில் சேர்க்கலாம். கரைப்பான் வேகமாகப் பறக்கும்போது பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படிந்து செல்லுலோஸைத் திரியவைக்கிறது. பூத்த இடத்தில் வெளுப்பு மட்டுமல்ல, படலத்தின் வலுவும் போய்விடும். சென்னைக் கடற்காற்றில், குறிப்பாக ஐப்பசி, கார்த்திகை மழையில், இது நிச்சயம் நடக்கும். ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினால் தள்ளிப்போடுவது நல்லது. அன்றே முடிக்க வேண்டுமென்றால் ஈரப்பதம் குறையும் நண்பகல் கழிந்த நேரத்தில், மெதுவாகப் பறக்கும் ரிடார்டரைத் தின்னரில் 5 முதல் 10 விழுக்காடு சேர்த்துப் பூசலாம். பூத்துவிட்டால் மேலே இன்னொரு பூச்சு போட்டு மூடக் கூடாது. உலர்ந்த நாளில் தின்னரும் ரிடார்டரும் கலந்து மெல்லியதாகத் தெளித்தால் படலம் இளகி மறுபடி தெளியும். மலிவான தின்னரே பல நேரம் பூத்தலுக்குக் காரணம். அதில் செல்லுலோஸைக் கரைக்கும் எஸ்டர், கீட்டோன் குறைவாகவும் டொலுயீன் அதிகமாகவும் இருக்கும்.

ரிடார்டருக்குச் சொல் கட்ட வேண்டாம். பெயிண்ட் கடையில் அதைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். தின்னருக்கும் அப்படியே.

மரவேலைக் கடைகளில் கிடைக்கும் என்.சி. கிளியர் லேக்கரைத் தோய்மெருகு என்ற தலைப்பில் சேர்க்கலாமா என்று தனிமடலில் கேட்டிருந்தார்கள். கூடாது. அதுவும் நைட்ரோசெல்லுலோஸ்தான் (செல்லுலோஸ் நைட்ரேட்டின் இன்னொரு பெயர்), ஆனால் மேசைக்குத் தேவையான கடினத்துக்காகப் பிசின் சேர்த்தது. தாளில் பூசினால் நொறுங்கும் தன்மை வந்து, இறக்கை வளையும் இடத்தில் கீறும். என்.சி. சேண்டிங் சீலர் பால்சாப் பலகையின் துளை அடைக்க நல்லது. தாளுக்கு அதுவும் ஆகாது.

———

மறுமொழி

பதிவில் இரண்டு குறிப்புகள் விடுபடக் கூடாது.

ஒன்று, வரிசை. நைட்ரேட்டின் மேல் பியூட்டிரேட் பூசலாம். பியூட்டிரேட்டின் மேல் நைட்ரேட் பூசினால் பிடிக்காது, சில வாரத்தில் தோலாக உரியும். பழைய மாதிரியைப் பழுதுபார்ப்பவர், மேலிருப்பது எதுவென்று தெரியாவிட்டால், பியூட்டிரேட்டையே பூசுவது பாதுகாப்பு.

இரண்டு, ஆவி. முதல் உலகப் போரின்போது பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் விமானத் தொழிற்சாலைகளில் செல்லுலோஸ் அசிட்டேட் டோப்பின் கரைப்பானாக டெட்ராகுளோரோஈத்தேனைப் பயன்படுத்தினார்கள். பூசும் வேலையில் இருந்தவர்களுக்கு ஈரல் கெட்டு மஞ்சள் காமாலை கண்டது, உயிரிழப்பும் நேர்ந்தது. இன்றைய டோப்பில் அது இல்லை. ஆனாலும் டொலுயீனும் கீட்டோனும் மூடிய அறையில் தலைசுற்ற வைக்கும். தூசு தடுக்கும் துணி முகமூடி ஆவியை நிறுத்தாது. கரிம ஆவிக்கான கரிக்குடுவை வைத்த முகமூடி வேண்டும். சன்னல் திறந்திருக்க வேண்டும், அறையில் விளக்கு, ஊதுவத்தி, அடுப்பு எதுவும் எரியக் கூடாது. நைட்ரேட் துடைத்த துணியைக் குப்பைக்கூடையில் போடாமல், தண்ணீர் ஊற்றிய மூடியுள்ள தகரடப்பாவில் போட்டு, வீட்டுக்கு வெளியே வையுங்கள்.