எருது நாளில் விலாங்கு: ஜப்பானியக் கோடை உணவு அனுபவங்கள்

ஜப்பானில் ஒரு கோடையையாவது கழித்தவர்களுக்கு, ஜூலைப் பிற்பகுதியில் கடைக்குக் கடை தொங்கும் எருது நாள் விளம்பரங்கள் நினைவிருக்கும். பழைய நாள்காட்டிப்படி இலையுதிர்காலம் தொடங்குவதற்கு முந்தைய ஏறத்தாழ 18 நாட்களுக்குள் வரும் எருது நாளில், உனாகி எனப்படும் நன்னீர் விலாங்கை உண்டால் வெயிலின் அயர்ச்சி தீரும் என்பது அங்கே வழிவழியாக வரும் நம்பிக்கை. எருது உட்பட நாளுக்கு ஒன்றாகப் பெயர் தரும் 12 விலங்குகளும் ஒரு சுற்று முடிந்து மீண்டும் தொடங்குவதால், சில ஆண்டுகளில் இந்நாள் இருமுறை வருவதும் உண்டு.

நான் அதை உண்டது, தோக்கியோவுக்கு அருகிலுள்ள நரிதா கோயிலுக்கு இறங்கிச் செல்லும் பழைய கடைவீதியில். அங்கே சமையல்காரர்கள் வாடிக்கையாளர் கண்ணெதிரிலேயே விலாங்கை அறுக்கிறார்கள். வழுக்கி ஓடும் மீனைப் பிடித்து, தலையருகே ஓர் ஆணியை இறக்கிப் பலகையோடு நிறுத்தி, முதுகுவழியே கத்தியை ஓட்டி, நடுமுள்ளை ஒரே இழுப்பில் எடுத்துவிடுகிறார்கள். குச்சி கோக்க மூன்று ஆண்டு, அறுக்க எட்டு ஆண்டு, சுடுவதற்கு ஓர் ஆயுள் என்று அத்தொழிலில் சொல்வார்கள். அந்தக் கையோட்டத்தைப் பார்த்தபின் அது மிகையாகத் தோன்றவில்லை.

தோக்கியோ வட்டாரத்தில் மீனை முதலில் வெறுமனே சுட்டு, ஆவியில் வேகவைத்து, பிறகு சோயா சாறும் இனிப்பான மிரின் மதுவும் சேர்ந்த குழம்பில் தோய்த்து மறுபடியும் கரியடுப்பில் வாட்டுகிறார்கள். ஒசாக்கா பக்கத்தில் வயிற்றுப்புறம் கீறி, ஆவியில் வைக்காமலேயே சுடுவதால் தோல் மொறுமொறுப்பாக இருக்கும். எனக்கு முன்னதே பிடித்தது. அரக்குப் பெட்டியில் சுடுசோற்றின் மேல் கிடந்த துண்டு உண்ணும் குச்சி பட்டதும் பிரிந்தது. நெய்ப்பும் இனிப்பும் திகட்டத் தொடங்கும் நேரத்தில், மேலே தூவிய சான்ஷோ என்ற ஜப்பானிய மிளகுப் பொடி நாக்கை இலேசாக மரக்கச் செய்து அடுத்த வாய்க்கு இடம் கொடுத்தது.

வியாபாரம் படுத்துப்போன ஒரு விலாங்குக் கடைக்காரருக்கு, "இன்று எருது நாள்" என்று எழுதி வைக்கும்படி 18ஆம் நூற்றாண்டு அறிஞர் ஹிராகா கென்னாய் யோசனை சொன்னார் என்பது பரவலாக வழங்கும் கதை. ஆனால் வழக்கத்தின் வேர் அதற்கும் முந்தையது: கோடையில் மெலிந்தவரை விலாங்கு பிடித்து உண்ணச் சொல்லும் ஓதோமோ நோ யாகாமோச்சியின் பாடல், 8ஆம் நூற்றாண்டுத் தொகுப்பான மன்யோஷூவிலேயே இருக்கிறது.

இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இயற்கை விலாங்குக்குக் கோடை பருவமே அல்ல. கடலுக்குத் திரும்புமுன் கொழுப்பு ஏறும் இலையுதிர்காலத்தில்தான் அதன் சுவை உச்சத்தில் இருக்கும். இப்போது உண்ணப்படுவதில் பெரும்பகுதி பண்ணை விலாங்குதான் என்றாலும், அந்தக் குஞ்சுகளும் பசிபிக்கில் மரியானா தீவுகளுக்கு மேற்கே பிறந்து, கடல் நீரோட்டத்தில் மிதந்து வந்து, கரையோரத்தில் பிடிபட்டவை. இந்த இனம் 2014இல் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இத்தனை அரிதான மீனை ஒரே நாள் விற்பனைக்காகப் பல்பொருள் அங்காடிகளில் பொட்டலம் பொட்டலமாக அடுக்குவது எனக்கு வருத்தமளிக்கிறது. எப்போதாவது ஒருமுறை, அறுத்துச் சுட்டுத் தரும் கடையில் காத்திருந்து உண்பதே அதற்குரிய மரியாதை.

மறுமொழி

நீங்கள் சொல்வதோடு முழுவதும் உடன்படுகிறேன். நானும் எருது நாள் கூட்டம் ஓய்ந்த பிறகே நகோயாவில் ஹித்சுமாபுஷி உண்டேன். சிறு மரத்தொட்டியில் நறுக்கிய விலாங்கும் சோறும் வரும்; அதை நான்காகப் பிரித்துக்கொள்ள வேண்டும். முதல் பங்கை அப்படியே உண்டு, இரண்டாவதில் வெங்காயத்தாளும் வசாபியும் கடற்பாசியும் சேர்த்து, மூன்றாவதில் தாஷி எனும் சூடான ஜப்பானியச் சாறு ஊற்றி, கடைசிப் பங்கை எந்த முறை பிடித்ததோ அந்த முறையில் உண்ணலாம். நான் மறுபடியும் சாறு ஊற்றியே உண்டேன். கரியில் சுட்ட மணம் அந்தச் சாற்றில் இறங்கியபோதுதான் முழுமையாகத் தெரிந்தது.