ஸ்டார்ட் ஆகும் முன் சும்மா சுற்றும் இன்ஜின்: தீர்வா, ஒட்டுப்போடும் வேலையா?

டர்போ_ரசிகன்: லீப், பிடபிள்யூ1100ஜி என்ற புது விமான ஜெட் இன்ஜின்களை நிறுத்திச் சிறிது நேரத்தில் மறுபடி ஸ்டார்ட் செய்தால், எரிபொருள் விடும் முன் ஸ்டார்ட்டர் ரோட்டாரை (பிளேடுகளோடு சுழலும் நடுத்தண்டு) சும்மா சுற்றவிடுகிறது. நிறுத்திய பின் ஒருபக்கமாகச் சூடு தேங்கி வளையும் ரோட்டாரை, சூட்டைச் சமமாக்கி நேராக்கத்தான் இது. 2016-ல் பிடபிள்யூ1100ஜி சேவைக்கு வந்தபோது பெரிய தலைவலியானதும் இதுதான். வடிவமைப்பில் விட்ட குறைக்கு இயக்க முறையில் ஒட்டுப்போடுகிறார்கள் என்பது என் வாதம். அனல் மின் நிலையத்தில் டர்பைனை நிறுத்தியதும் பாரிங் கியர் போட்டு மெதுவாகச் சுற்றவிடுகிறார்கள், வளைவே வருவதில்லை. இங்கே ஏன் முடியாது?

வெப்பச்சமன்: குறை என்று சொல்வதை ஏற்க முடியாது சார். நிறுத்தியதும் காற்றோட்டம் நின்றுவிடும். உள்ளே இருக்கும் சூடான காற்று மேலே ஏறும், அடிப்பக்கம் முதலில் ஆறும். மேல்பாதி நீண்டே இருப்பதால் ரோட்டார் மேல்நோக்கி வளைகிறது. எல்லா இன்ஜினிலும் இது நடக்கும். லீப்புக்கு முந்தைய தலைமுறை சிஎஃப்எம்56-ல் உயரழுத்த கம்ப்ரசர் 9 அடுக்கு, உயரழுத்த டர்பைன் 1 அடுக்கு. லீப்பில் 10, 2. அழுத்த விகிதம் கூடக் கூட எரிபொருள் மிச்சமாகும், ஆனால் கோர் (இன்ஜினின் உள்மையப் பகுதி) ஒல்லியாகவும் நீளமாகவும் ஆகி எளிதில் வளைகிறது. அந்த எரிபொருள் சிக்கனத்துக்குக் கொடுக்கும் விலை இது.

டர்போ_ரசிகன்: அப்படியென்றால் பிளேடு நுனிக்கும் கேஸிங்குக்கும் (வெளிக்கூடு) உள்ள இடைவெளியைக் கொஞ்சம் கூட்டிவிடலாமே?

வெப்பச்சமன்: கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.15 மி.மீ. கூட்டினால் 100 மி.மீ. உயர பிளேடில் அது 0.15 சதவீதம்தான். கம்ப்ரசரின் கடைசி அடுக்கில் 15 மி.மீ. பிளேடு என்றால் 1 சதவீதம். அந்தக் கசிவைப் பறக்கும் நேரம் முழுக்கச் சுமக்க வேண்டும். தரையில் ஒரு நிமிடம் சுற்றவிடுவது எவ்வளவோ மேல்.

போரோஸ்கோப்: வளைந்த ரோட்டாரை அப்படியே வேகமேற்றினால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். மேடான பக்கத்து பிளேடுகள் மட்டும் தேயும், ஆனால் கேஸிங்கில் உரசல் தடம் முழு வட்டமாக விழும். கேஸிங்தான் கோணியிருந்தால் நேர்மாறு: எல்லா பிளேடும் தேயும், தடம் ஓரிடத்தில் மட்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் கோளாறைத் தப்பான இடத்தில் தேடுவோம். தேய்ந்த நுனி திரும்ப வளராது. கசிவு கூடி, அதே உந்துவிசைக்கு அதிக எரிபொருள் போய், இஜிடி மார்ஜின் (வெளியேறும் வாயுவின் வெப்பநிலை உச்ச வரம்பைத் தொட மிச்சமுள்ள இடைவெளி) குறையும்.

டர்போ_ரசிகன்: உரசல் விளக்கம் அருமை. ஆனால் அது என் பக்கத்துக்கே வலு சேர்க்கிறது. இவ்வளவு சேதம் வரும் என்றால் பாரிங் கியர் மாதிரி சின்ன மின்மோட்டார் ஒன்றை கியர்பாக்ஸில் வைக்கலாமே? போரோஸ்கோப் ஆய்வுக்கு (உள்ளே கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது) ரோட்டாரைத் திருப்ப அங்கே ஏற்கெனவே ஒரு கிராங்க் பேட் (திருப்பும் கருவியை மாட்டும் இடம்) இருக்கிறது.

வெப்பச்சமன்: அது கவுலை (இன்ஜின் வெளிமூடி) திறந்து ஆய்வுக்காகத் திருப்பும் இடம். நிரந்தர மோட்டார் என்றால் எடை, கிளட்ச், கூடவே நிறுத்திய பிறகும் மின்சாரம். கிளட்ச் விடுபடாமல் இன்ஜின் வேகமெடுத்தால் மோட்டார் போயிற்று. ஸ்டார்ட்டர் எப்படியும் இன்ஜினில் இருக்கிறது.

போரோஸ்கோப்: வடிவமைப்பிலும் கை வைக்காமல் இல்லை. பிடபிள்யூ1100ஜி-யில் பேரிங்கில் அதிர்வை உறிஞ்சும் டேம்பர்களைச் சேர்த்தார்கள். இரண்டு இன்ஜினையும் ஒரே நேரத்தில் சுற்றவைக்கும் டூயல் கூலிங் ஏற்பாடும் வந்தது. அதோடு, நிறுத்தும் முன் ஐடிலில் (குறைந்த வேகத்தில்) 3 நிமிடம் விடுவதைச் சுருக்கக் கூடாது. அது வளைவைத் தடுக்காது, ஆனால் உள்ளே தேங்கும் வெப்பம் குறையும்.

டர்போ_ரசிகன்: டேம்பர் வரை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்டார்ட்டர் தேய்மானத்தை யாரும் பேசவில்லை. நாளுக்கு 6 செக்டர் (பயணம்), ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் என்றால் ஒரு இன்ஜினுக்கு ஆண்டுக்கு 36 மணி நேரத்துக்கு மேல் கூடுதல் சுழற்சி. ஸ்டார்ட்டரின் வால்வு, கிளட்ச் தேயும் செலவை யார் கணக்கில் எழுதுவது?