ஹோம் ரேஞ்ச்: 'புழங்குபரப்பு' எனலாமா?

> காட்டு யானைகளின் நடமாட்டம் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வின் சுருக்கத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு விலங்கு வழக்கமாகத் திரியும் பகுதியைக் குறிக்கும் ஹோம் ரேஞ்ச் என்பதற்கு வாழிடம், வாழிட எல்லை, வலசைப் பரப்பு மூன்றில் எது சரி?

வணக்கம் நண்பரே. மூன்றும் வேண்டாம் என்பேன்.

வாழிடம் என்பது, ஓர் இனம் வாழும் இயற்கைச் சூழலைக் குறிக்கும் ஹாபிடாட்டுக்கு ஏற்கெனவே நிலைத்துவிட்டது. மலையுச்சிப் புல்வெளி வரையாட்டு இனத்தின் வாழிடம். ஒரு குறிப்பிட்ட வரையாடு அதில் எவ்வளவு இடத்தில் மேய்ந்து திரிகிறது என்பது வேறு கேள்வி. 'எல்லை' சேர்த்தால் டெரிட்டரியோடு குழம்பும். புலி மரத்தைக் கீறி, சிறுநீர் பீய்ச்சி அடையாளம் வைத்துக் காப்பது எல்லை. யானை அப்படி நிலத்தைக் காப்பதில்லை. பல கூட்டங்கள் ஒரே காட்டைப் பகிர்ந்துகொள்ளும்.

வலசைதான் எனக்குப் பெரிய கவலை. பருவத்துக்குப் பருவம் ஓரிடம் விட்டு வெகுதூரம் போய்த் திரும்புவதே வலசை. வேடந்தாங்கலுக்கு வரும் பறவைகளுக்கு அது பொருந்தும். யானைக் கூட்டம் கோடையில் தண்ணீருள்ள பள்ளத்தாக்குக்கும் மழைக்குப்பின் வேறு காட்டுக்கும் மாறுவது உண்மைதான். ஆனால் அத்தனையும் அதற்குப் பழகிய ஒரே பெரும்பரப்புக்குள் நடக்கிறது. 1990களில் முதுமலைப் பக்கம் ரேடியோ கழுத்துப்பட்டை கட்டிப் பின்தொடர்ந்ததில், ஒரு கூட்டத்துக்கே 500 சதுர கிலோமீட்டருக்கு மேல் தேவைப்பட்டது. பழைய முதுமலைச் சரணாலயமோ 321 சதுர கிலோமீட்டர். 'வலசைப் பாதை' என்று படிப்பவர், யானை வருடத்துக்கு இரண்டு முறை கடந்து போகும் சாலை என்றே நினைப்பார். மற்ற மாதங்களில் அங்கே யானைக்கு என்ன வேலை என்றும் கேட்பார். நீலகிரியின் சீகூரில் யானைகள் கடக்கும் நிலம் குறித்த வழக்கில் பேசப்பட்ட 'வழித்தடம்' என்ற சொல்லில் குறையில்லை. காடுகளை இணைக்கும் ஒடுங்கிய நிலம் அது, முழுப்பரப்பு அல்ல.

என் பரிந்துரை புழங்குபரப்பு. 'இது யானை புழங்குற இடம்' என்று மலையோர ஊர்களில் சொல்வதிலிருந்தே எடுத்தேன். 1943இல் அமெரிக்க விலங்கியலாளர் பர்ட் கொடுத்த விளக்கம் இன்றும் அடிப்படையாக இருக்கிறது: இரை தேட, இணை சேர, குட்டி வளர்க்க ஒரு விலங்கு வழக்கமாகத் திரியும் பகுதி. எப்போதாவது வெளியே போய்வருவது அதில் சேராது. புழக்கம் என்ற சொல்லிலேயே அந்த 'வழக்கமாக' இருக்கிறது. ஒருமுறை போன இடத்தைப் புழங்கும் இடம் என்று யாரும் சொல்வதில்லை.

கேரளத்துக் காட்டு யானை அரிக்கொம்பனை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். மே மாதம் கம்பம் நகருக்குள் வந்தது. ஜூனில் மறுபடி பிடித்துக் களக்காடு-முண்டந்துறையில் விட்டார்கள். கழுத்துப்பட்டை காட்டிய புள்ளிகளையெல்லாம் கோட்டால் இணைத்தால் பெரிய பரப்பு கிடைக்கும். ஆனால் அது புழங்குபரப்பு ஆகாது. தன் புழங்குபரப்பை இழந்த விலங்கின் அலைச்சல் அது.

> 'உலவுவெளி' காதுக்கு இனிமையாக இருக்கிறதே?

இருக்கிறது ஐயா. ஆனால் உலவுதல் என்றால் பொழுதுபோக்கு நடை. பசிக்கும் தாகத்துக்கும் நடக்கிற விலங்குக்கு அது ஒட்டவில்லை. அப்புறம், சதுர கிலோமீட்டரில் அளப்பதற்குப் பரப்புதான் தோது. கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன: எந்த இடத்தை எவ்வளவு பயன்படுத்துகிறது என்பது புழக்க அடர்வு, அதிகம் தங்கும் இடம் புழக்க மையம். 'மையப் பகுதி' என்றால் புலிகள் காப்பகத்தின் உள்பகுதி என்றாகிவிடும்.

எண்ணிக்கை ஆய்வுக்கும் இச்சொல் வேண்டும். கர்நாடகத்தின் நாகரஹொளெக் காட்டில் 1990களில் புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் தானியங்கி கேமராக்களை வைத்து, புலிகளை வரிகளால் அடையாளம் கண்டு மதிப்பிட்டார். அந்த முறையில் ஒவ்வொரு புலியின் புழங்குபரப்பிலும் கேமரா இருந்தாக வேண்டும். இடைவெளி கூடினால் நடுவில் வாழும் புலி படத்தில் விழ வாய்ப்பே இல்லை, கணக்கும் பிழைபடும். குட்டியோடு இருக்கும் பெண்புலியின் பரப்பு சிறியது என்பதால் அதையே அளவாகக் கொள்வது நல்லது.

இன்னொன்று பாக்கி: டிஸ்பர்சல். வளர்ந்த விலங்கு தாயிருக்கும் பரப்பை விட்டுப் புது இடம் தேடிப் போவது. 'பரவல்' வேறு பொருளுக்குப் போய்விட்டது. 'பிறப்பிடம் நீங்கல்' என்று தற்காலிகமாக எழுதிவருகிறேன். தலைப்புகளில் வைக்க நீளமாக இருக்கிறது; சுருக்கமான சொல் தோன்றினால் எழுதுங்கள்.