முரல்முறி: ஹம்பக்கருக்கு ஒரு தமிழ்ச்சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம். எலக்ட்ரிக் கிட்டாரில் தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம் பிக்கப், அதில் இரட்டைச்சுருள் வகைதான் ஹம்பக்கர். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில் குழுமத்தில் வந்த இரண்டு கேள்விகளுக்கு என் பதில் இது.

> ஹம்பக்கர் = இரைச்சல் நீக்கி. எல்லோருக்கும் புரிகிறது. இதையே வைத்துக்கொள்ளலாமே?

வீட்டில் எலக்ட்ரிக் கிட்டார் வேலை பார்ப்பவர்களுக்காக நான் எழுதிவரும் குறிப்புகளில் இந்தச் சொல்லைத்தான் போட்டிருந்தேன். போன வாரம் எல்லா இடத்திலும் அதை அடித்து நீக்கிவிட்டேன். எங்கள் தெருத் தம்பி ஒருவர் அதைப் படித்துவிட்டு, தன் கிட்டாரில் இரைச்சல் வருகிறது, இரைச்சல் நீக்கி போட்டால் போய்விடும் என்று நம்பி, ஹம்பக்கர் வாங்கி, அதற்காக மரத்தையும் குடைந்து பொருத்திவிட்டார். இரைச்சல் போகவில்லை. நான் வால்யூம் குமிழைத் திருப்பிப் பார்த்தேன், கரகரவென்றது. இருப்பது திருவான்மியூர், கடலிலிருந்து நாலு தெரு, உப்புக்காற்றில் பாட் (குமிழுக்கு அடியில் இருக்கும், திருப்பினால் மாறும் மின்தடை) உள்ளே களிம்பு ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். கான்டாக்ட் கிளீனர் கொஞ்சம் அடித்து இருபது முறை முன்னும் பின்னும் திருப்பியதும் சரியாகிவிட்டது. அவர் செலவழித்த பணத்துக்கு என் சொல்லும் ஒரு காரணம் என்பதால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இரைச்சல் என்ற ஒரே பைக்குள் நாம் பல நோய்களைப் போட்டுக் கட்டியிருக்கிறோம். ஆம்ப்ளிஃபையரின் உஸ்ஸென்ற சீறல் ஒன்று. பாட்டின் கரகரப்பு இன்னொன்று. ஃபேன் ரெகுலேட்டரைக் குறைத்து வைத்தால் கிர்ரென்று ஏறும் சத்தம் வேறு. இவற்றில் எதற்கும் ஹம்பக்கர் முழு மருந்து இல்லை. அது பிறந்ததே 'ஹம்' என்ற ஒன்றுக்காக.

அது எப்படி வருகிறது என்று பார்த்தால் சொல் தானே கிடைத்துவிடும். பிக்கப் என்பது காந்தமும், அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய செப்புக் கம்பியால் ஆயிரக்கணக்கில் சுற்றிய சுருளும். எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் அசைகிறது, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. ஆனால் புலம் அசைந்தது தந்தியாலா, சுவருக்குள் ஓடும் ஒயராலா, ஆம்ப்ளிஃபையரின் டிரான்ஸ்ஃபார்மராலா என்று சுருளுக்குத் தெரியாது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே 50, அதன் மடங்கான 100 என்று அடிக்குரலில் ம்ம்ம் என்று நிற்கும். 49 ஹெர்ட்ஸ் என்பது மேற்கத்திய இசையின் ஜி ஸ்வரம், நம் 50 அதைவிட ஒரு இழை கூட. சென்னையில் ஒற்றைச்சுருள் கிட்டாரை ஆம்பில் செருகியவர்கள் எல்லோரும் இந்த ஸ்வரத்தைக் கேட்டிருப்பார்கள். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அங்கே இதே ஒலி வேறு ஸ்வரத்தில் நிற்கும்.

ரிச்சி தெருவில் செப்பு டேப் வாங்கி கிட்டாருக்கு உள்ளே ஒட்டி எர்த் கொடுப்பது நல்ல வேலைதான், கிர்ரென்ற சத்தம் நன்றாகக் குறையும். ஆனால் மெல்லிய செப்புத் தகட்டை 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் தாராளமாகக் கடந்து வரும், ஹம் அப்படியே நிற்கும். 'டேப் ஒட்டியும் இரைச்சல் போகவில்லை' என்று கேட்பவர்களுக்கு கிர்ருக்கும் ஹம்முக்கும் இரண்டு தனிச்சொற்கள் இருந்தால் ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்.

கிப்ஸன் என்ற அமெரிக்க கிட்டார் நிறுவனத்தில் வேலை பார்த்த சேத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1959இல் கிடைத்தது. அவர் செய்தது இதுதான்: இரண்டு சுருள்கள், ஒன்றுக்கு ஒன்று காந்தமுனையும் தலைகீழ், சுற்றும் தலைகீழ். தந்தியின் ஒலி இரண்டு முறை தலைகீழாவதால் ஒன்றோடொன்று கூடுகிறது. வெளியிலிருந்து வரும் ஹம்முக்குக் காந்தமுனையைப் பற்றிக் கவலை இல்லை, அது ஒரே முறைதான் தலைகீழாகிறது, ஆகவே ஒன்றை ஒன்று அடித்துக்கொள்கிறது. இங்கே எதையும் யாரும் நீக்கவில்லை, வடிகட்டவும் இல்லை. அதே பொருளை எதிராக ஏவி முறிக்கிறோம். கிட்டாருக்கு வருவதற்கு முன்பே பழைய வால்வு ரேடியோ ஸ்பீக்கர்களில் இதே பெயரில் ஒரு எதிர்ச்சுருள் இருந்தது, அங்கேயும் வேலை இதுதான். இதைச் சொல்ல நம்மிடம் ஏற்கெனவே நச்சுமுறி (விஷத்தை முறிக்கும் மருந்து) என்ற சொல் இருக்கிறது. அந்த 'முறி'யை எடுத்துக்கொள்வோம்.

> ஹம் என்பதற்கு ரீங்காரம் போதாதா?

போதாது என்பது என் கருத்து. தம்புராவின் ரீங்காரம் நாம் காசு கொடுத்து உட்கார்ந்து கேட்பது. அதை முறிக்க ஒரு கருவி என்றால் காதுக்கே பொருந்தவில்லை. உறுமல் என்றும் ஒருவர் சொல்லியிருந்தார், ஆனால் டிஸ்டார்ஷன் பெடலை மிதித்தால் வரும் ஒலிக்கு அந்தச் சொல் தேவைப்படும், அங்கே வைத்துக்கொள்ளலாம். வண்டு முரல்கிறது என்று பழைய பாடல்களில் படித்திருக்கிறோம். ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சுருதியில் விடாமல் வரும் ஒலி, நமக்கு வேண்டியது அதுதான். ஹம் = முரல்வு, ஹம்பக்கர் = முரல்முறி.

இரண்டு தடைகள் எனக்கே தெரிகின்றன. முரல் என்று ஒரு மீன் இருக்கிறது, காசிமேட்டில் கேட்டால் அதைத்தான் தருவார்கள். கிட்டார் பேச்சில் யாரும் குழம்பமாட்டார்கள், அதனால் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. சொற்புணர்ச்சிதான் உண்மையான சிக்கல். பல் + முறை பன்முறை ஆவதுபோல் இதுவும் முரன்முறி ஆகவேண்டும். அப்படி எழுதினால் 'முரண்' என்று காதில் விழுகிறது, முரல்வு மறைந்துவிடுகிறது. புழக்கத்துக்காக முரல்முறி என்றே விடலாமா, அல்லது இலக்கணம் இங்கே வளைந்து கொடுக்கக்கூடாதா? இலக்கணம் படித்தவர்கள் இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள், குறிப்புகளை அதன் பிறகு திருத்துகிறேன்.

அன்புடன்,
திருவான்மியூரிலிருந்து