புதுப்பிப்பு: மஞ்சள் காகிதம் சிவந்துவிட்டது!

போன வாரம் எழுதியிருந்தேனே, தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் தெருப் பிள்ளைகளுக்கு மஞ்சள் தூள் கரைசல் தடவிக் காயவைத்த காகிதத்தில் நிறம் மாறும் சோதனை காட்டினேன், ஆப்ப சோடாத் தண்ணீர் விட்டும் சரியாகச் சிவக்கவில்லை என்று. பிள்ளைகள் முகம் வாடியது மனசைவிட்டுப் போகவே இல்லை.

காரணம் பிடிபட்டது. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறப்பொருள் ஏறக்குறைய பிஎச் 7.4இல்தான் நிறம் மாறத் தொடங்கும் (பிஎச் என்பது அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்; 7க்கு மேல் ஏற ஏறக் காரத்தன்மை கூடும்). நன்றாகச் சிவக்க 8.6ஐத் தாண்ட வேண்டும். ஆப்ப சோடாக் கரைசல் 8.3 பக்கமே நின்றுவிடும்.

அதனால் நேற்று, அதைவிடக் காரத்தன்மை கூடிய வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி, தெளிந்த மேல் தண்ணீரைப் பஞ்சில் தொட்டுக் காகிதத்தில் வைத்தோம். தொட்ட இடமெல்லாம் ரத்தச் சிவப்பு! "ஆரத்தித் தண்ணி மாதிரியே இருக்குக்கா" என்றாள் ஒரு சின்னவள். அதேதான், ஆரத்தியும் மஞ்சளும் சுண்ணாம்பும்தானே. எலுமிச்சை பிழிந்ததும் மஞ்சள் திரும்பி வந்தது.

காசிமேட்டிலிருந்து ஒரு பையன் கொண்டுவந்த கிளிஞ்சலை வினிகரில் போட்டோம். முழுசாகப் போட்டபோது ஒன்றிரண்டு குமிழ்தான். இடித்துப் போட்டதும் நுரைத்தது. வந்தது கார்பன் டை ஆக்சைடு. இதே கிளிஞ்சலைச் சுட்டும் சுண்ணாம்பு எடுப்பார்கள் என்றதும் அவனுக்கு அவ்வளவு பெருமை!

சுண்ணாம்பை மட்டும் பெரியவர்களே கலக்குங்கள், கண்ணில் பட்டால் புண்ணாக்கிவிடும். அடுத்த ஞாயிறு செம்பருத்திச் சாறு.