பிபிஎக்ஸ் அலாரம்: டெஸ்ட் மெயில் வருகிறது, நிஜ அலாரம் வரவில்லை

ஐபி பிபிஎக்ஸில் (அலுவலகத் தொலைபேசி இணைப்பகம்) சிப் டிரங்க் (வெளி அழைப்புகள் இணையம் வழியே போகும் இணைப்பு) விழுந்தால் மெயில் வரும்படி அமைத்திருக்கிறோம். மெயில் அனுப்பும் எஸ்எம்டிபி போர்ட் 587, குறியாக்கத்துக்கு ஸ்டார்ட்டிஎல்எஸ். டெஸ்ட் மெயில் உடனே வருகிறது. நிஜமாக டிரங்க் விழுந்தால் வருவதில்லை, ஈவென்ட் லாகில் மட்டும் பதிவாகிறது. டிரங்கும் மெயிலும் ஒரே இணைய இணைப்பில் போவதால், அது அறுந்தால் மெயிலும் மாட்டிக்கொள்ளும், புரிகிறது. ஆனால் இணைப்பு நன்றாக இருந்து, டிரங்க் சேவை தருபவரிடம் செய்யும் ரிஜிஸ்ட்ரேஷன் மட்டும் 403 (அனுமதி இல்லை) என மறுக்கப்பட்டாலும் இதே கதைதான்.

லாகில் அந்த அலாரம் 'மைனர்'. மெயில் அனுப்பத் தேவையான குறைந்தபட்ச தீவிர வரம்போ 'மேஜர்'. இதுதான் காரணமா? வரம்பைத் தளர்த்தினால், டிரங்க் விட்டுவிட்டு வரும்போது மெயில் கொட்டித் தீர்த்துவிடும். 60 விநாடிக்குள் மீண்டால் அனுப்பாமல் விட வழி உண்டா? உள் சர்வருக்கு எஸ்என்எம்பியும் (சாதனங்களைக் கண்காணிக்கும் நெறிமுறை) வைக்கலாம். யுடிபி 162இல் போகும் டிராப் (அதன் எச்சரிக்கைச் செய்தி) தொலைந்தால் தெரியாதே, கிடைத்ததா என்று பதில் கேட்கும் இன்ஃபார்ம் பயன்படுத்துகிறவர்கள் அமைப்பைச் சொல்லுங்கள்.