அம்மம்மான்ர பெட்டி, கடகம், சுளகெல்லாம் வீட்டில வடிவா வைக்க ஐடியா தாங்கோ

கோண்டாவில்பிள்ளை:
வணக்கம் எல்லாருக்கும். அம்மம்மான்ர ஆண்டுத்திவசம் முடிஞ்சு இப்ப அவவின்ர பழைய குசினியை இடிக்கப் போறம், அதுக்குள்ள கிடந்த பனையோலைச் சாமான் முழுக்க என்ர விறாந்தையில வந்து குவிஞ்சிருக்கு. எண்ணிப் பாத்தன், 31. கடகம் (பெரிய ஓலைக்கூடை) மட்டும் 6, பிறகு சுளகு (முறம்), பிட்டு அவிக்கிற கூம்பு நீத்துப்பெட்டி, மூடுபெட்டி, சாயம் போட்ட அடுக்குப்பெட்டி ஒரு செற். அம்மப்பான்ர வெத்திலை, போயிலை வைக்கிற கொட்டைப்பெட்டியும் இருக்கு, திறந்தா இப்பவும் போயிலை மணக்குது, உள்ளுக்க சுண்ணாம்பு காய்ஞ்சு ஒட்டியிருக்கு. அதைத் துடைக்க மனமே வரேல்ல.

எங்கட புது வீட்டில பரண் இல்லை. போன மாரிக்கு ரெண்டு பெட்டியை பொலித்தீன் பையில கட்டி வைச்சு தையில அவிழ்த்தா பச்சையாப் பூஞ்சணம். ஓடாவியார் கண்ணாடி அலுமாரி செய்வம் எண்டுறார், அவர் சொன்ன விலைக்கு ஒரு மாடு வாங்கலாம். என்ர மனுசன் எரிக்கச் சொல்லி நிக்கிறார் (நடக்காது). என்ன செய்யலாம்?

வேலியோரத்து_அன்ரி:
பிள்ளை, கண்ணாடி அலுமாரிக்குக் காசைக் குடுத்திடாதேங்கோ. ஓலைக்குக் காத்து வேணும். அந்தக் காலத்தில உதெல்லாம் எங்க இருந்தது எண்டு யோசிச்சுப் பாருங்கோ, அடுப்புக்கு மேல புகட்டிலயும் உறியிலயும்தானே. நாள் முழுக்க விறகுப் புகை பட்டுப் பட்டு ஓலை பழுப்பேறி இறுகிப் போயிடும், பூச்சியும் அண்டாது பூஞ்சணமும் பிடிக்காது. இப்ப எல்லார் வீட்டிலயும் காஸ் அடுப்பு, புகை இல்லை, அதாலதான் எங்கட காலத்தில 20 வருசம் கிடந்த பெட்டி இப்ப ரெண்டு மாரியில பழுதாப் போகுது.

முதல்ல காய்ஞ்ச பழைய பெயின்ற் பிறசால இழை இழையாத் தூசி தட்டுங்கோ, தண்ணியில ஊறப் போட வேண்டாம். பூஞ்சணம் பிடிச்சதை வினாகிரி கொஞ்சம் தண்ணியில கலந்து சீலையை நனைச்சுப் பிழிஞ்சு துடைச்சு, காலமை வெயில்ல ஒரு மணித்தியாலம் வையுங்கோ. சாயம் போட்டதை மட்டும் நிழல்ல காத்தாட விடுங்கோ, ஈரம் பட்டா சிவப்பு ஊறிப் பக்கத்து இழையெல்லாம் பிடிச்சிடும், வெயில்ல வைச்சா வெளிறிப் போகும். பிறகு காய்ஞ்ச வேப்பிலை ஒரு பிடி உள்ளுக்க போட்டு விடுங்கோ.

ஸ்காபரோ_பனங்கொட்டை:
அக்கா, நான் கனடாவில 9 சுளகு சுவரில தொங்க விட்டிருக்கிறன், வாற வெள்ளைக்காரர் எல்லாரும் என்ன விலை எண்டு கேக்கினம். ஒரே அளவா நேர்வரிசையா அடிக்காதேங்கோ, கடை மாதிரிக் கிடக்கும். முதல்ல நிலத்தில பரப்பி மாத்தி மாத்தி வைச்சுப் பாத்து, பிடிச்ச மாதிரி வந்த உடன போன்ல ஒரு படம் எடுத்து, பிறகு அதைப் பாத்து ஆணி அடியுங்கோ. ஆணியை இழைக்குள்ளால விடுறேல்ல, விளிம்பில ரெண்டு இடத்தில நூல் கட்டி அந்த நூலை மாட்டுறது. உங்கட பக்கம் மாரியில சுவர் வேர்க்கும், அதால பின்பக்கத்தில ஒரு சின்னத் தக்கைத் துண்டு ஒட்டி அரை அங்குல இடைவெளி விடுங்கோ. இங்க பிரச்சினை மற்றப் பக்கம், விண்டர்ல ஹீற்றர் போட்டா ஓலை அப்பளம் மாதிரி நொருங்குது.

சுன்னாகத்தான்:
நீத்துப்பெட்டியை கவிழ்த்துப் பாருங்கோ, லைற்றுக்குப் போடுற கூடு அப்பிடியே கிடக்கு. அடியில வயர் போற அளவுக்கு இழையை விலத்தி எல்ஈடி பல்ப் போட்டுத் தொங்க விட்டனான், இரவில சுவரெல்லாம் இழைக்கோலம் விழும். பழைய குண்டு பல்ப் போடாதேங்கோ, சூட்டுக்கு ஓலை பத்தும். அதோட வார்னிஷ் பூசச் சொல்லி ஆரும் சொன்னாக் கேக்காதேங்கோ. நான் ஒரு மூடுபெட்டிக்குப் பூசி, அது ரெண்டு மாசமா ஒட்டிக்கொண்டே இருந்து றோட்டுத் தூசி முழுக்கப் பிடிச்சு, கடைசியில பெட்டி எது புழுதி எது எண்டு தெரியாமப் போச்சு.

கோண்டாவில்பிள்ளை:
எல்லாருக்கும் நன்றி. அப்ப கடகம்? 6ம் பெரிசு, சுவரில தொங்காது.

வேலியோரத்து_அன்ரி:
கடகத்தை ஏன் பிள்ளை பார்வைக்கு வைக்கிறியள்? அது மட்டைநாரால பொத்தி, மண் சுமக்கவும் நெல் அள்ளவும் செய்தது, சும்மா கிடந்தாத்தான் பழுதாகும். ஒண்டில வெங்காயம், ஒண்டில உடுப்பு, ஒண்டில பேரப்பிள்ளையளின்ர விளையாட்டுச் சாமான். பூஞ்சாடி வைக்கிறதெண்டா உள்ளுக்க பிளாஸ்ரிக் தட்டு வையுங்கோ, இல்லாட்டி அடி உக்கிப் போயிடும். அடி விட்டதை எறியாதேங்கோ, பெட்டி இழைக்கிற ஆக்கள் இன்னும் இருக்கினம், கேட்டா அடி போட்டுத் தருவினம். குறையிறதை கற்பகம் கடையில வாங்கலாம், பனை அபிவிருத்திச் சபையின்ர கடைதான்.

கோண்டாவில்பிள்ளை:
நேற்று மூண்டு சுளகு அடிச்சிட்டன், ஒண்டு கொஞ்சம் சரிவு, பரவாயில்லை. கொட்டைப்பெட்டியை சாமியறை றாக்கையில அம்மப்பான்ர படத்துக்குப் பக்கத்தில வைச்சாச்சு, சுண்ணாம்பு துடைக்கேல்ல. கடகத்தில ஒண்டைக் கணக்கில எடுக்காதேங்கோ, காலமை பாத்தா பக்கத்து வீட்டுப் பூனை அதுக்குள்ள நாலு குட்டி போட்டிருக்கு, இவர்தான் இப்ப அதுக்குப் பால் வைக்கிறார்.